"சைனஸ்தான்" என்று ஓட்டிவிடுவார்கள், விடாதீர்கள்

ஒரு பக்கம் மட்டும் மூக்கடைப்பு, அடிக்கடி ரத்தக் கசிவு, துர்நாற்றம். ஆன்டிபயாட்டிக் ஒரு சுற்று, கேட்காவிட்டால் இன்னொரு சுற்று, பிறகு ஸ்டீராய்டு. மூக்கில் வரும் என்கே/டி செல் லிம்போமா (நோய் எதிர்ப்புச் செல்களில் தோன்றும் ஒரு புற்றுநோய்) நோயாளிகள் பலர் இப்படித்தான் மாதங்களை இழக்கிறார்கள். ஸ்டீராய்டு கட்டியைக் கொஞ்ச நாள் சுருக்கும். நோயாளிக்குக் குணமான மாதிரி இருக்கும். அந்த நேரத்தில் எடுக்கும் பயாப்ஸியும் ஏமாற்றிவிடலாம். பயாப்ஸிக்கு முன்பே ஸ்டீராய்டு எழுதினால், ஏன் என்று கேளுங்கள்.

பயாப்ஸியிலேயே பெரிய ஓட்டை இருக்கிறது. இந்தக் கட்டி ரத்தக் குழாய்ச் சுவருக்குள் புகுந்து அதைச் சிதைப்பதால் மேல்திசு செத்துப்போகிறது. மேலாகக் கிள்ளி எடுத்தால் "நெக்ரோசிஸ் (செத்த திசு), அழற்சி" என்றுதான் ரிப்போர்ட் வரும். அதைக் காட்டி "கேன்சர் இல்லை" என்று அனுப்பிவிடுவது மன்னிக்க முடியாத தவறு. உயிருள்ள திசு கிடைக்கும்படி பல இடங்களில் ஆழமாக எடுக்க வேண்டும். இந்தச் செல்களை அடையாளம் காட்டும் புரதங்களான சிடி3, சிடி56, கிரான்சைம் பி, அதோடு கட்டியில் எப்ஸ்டீன்-பார் வைரஸைக் காட்டும் ஈபர் சோதனை எல்லாம் செய்தார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் பாரஃபின் பிளாக்கை (மெழுகில் பதித்து வைத்த திசுவை) வாங்கி வேறு நோய்க்குறியியல் நிபுணரிடம் காட்டுங்கள்.

அடுத்த அடி சிகிச்சையில் விழும். 'லிம்போமாதானே' என்று வழக்கமான சாப் (CHOP) என்ற கூட்டு மருந்துக் கீமோவைத் தொடங்குவார்கள். டான்சிலில் வரும் பி செல் லிம்போமாவுக்கு ரிடக்ஸிமாப் என்ற எதிர்ப்புரத மருந்தோடு சேர்த்த சாப் சரி. என்கே/டி லிம்போமாவுக்கு அது போதாது: இந்தச் செல்களில் உள்ள பி-கிளைக்கோபுரதம் சாப்பில் இருக்கும் டாக்ஸோரூபிசினையும் வின்கிரிஸ்டினையும் வெளியே தள்ளிவிடும். எல்-அஸ்பராஜினேஸ் என்ற மருந்து வேறு வழியில் வேலை செய்கிறது. ரத்தத்தில் உள்ள அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தைத் தீர்த்துச் செல்லைப் பட்டினி போடுகிறது. அது இல்லாத திட்டத்தை நீட்டினால் இரண்டாவது கருத்து கேளுங்கள்.

மூக்கோடு நிற்கும் நோய்க்குக் கதிர்வீச்சுதான் முதுகெலும்பு. சுமார் 50 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) தேவை, சீக்கிரமே தேவை. கீமோ சுற்றுகள் எல்லாம் முடியட்டும் என்று தள்ளிப்போடக் கூடாது. ஆரம்ப நிலையில் முறையாகச் சிகிச்சை பெறுபவர்களில் பெரும்பாலோர் 5 ஆண்டுகளைத் தாண்டுகிறார்கள். பரவிய பிறகு அந்த நிலை இல்லை.

கதிர்வீச்சுக்கு முன் பல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்; பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். அஸ்பராஜினேஸ் ஏறும் காலத்தில் ஃபைப்ரினோஜென் (ரத்தத்தை உறையவைக்கும் புரதம்), கல்லீரல், கணையச் சோதனைகள் விடுபடக் கூடாது. ரத்தத்தில் எப்ஸ்டீன்-பார் வைரஸின் டிஎன்ஏ அளவைச் சிகிச்சைக்கு முன்பே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அந்த முதல் எண் இல்லாவிட்டால், பின்னால் வரும் அளவுகளை ஒப்பிட எதுவும் இருக்காது.