1959 பீற்றில்: ஐம்பது வருடமாக எங்கள் வீட்டுக் கார்

பழைய வொக்ஸ்வாகன் பீற்றில் ஒன்று வாங்கலாமா என்று மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு பெண் அந்தக் காரை ஓட்டுவதும், ஞாயிறு காலையில் எஞ்சின் இருக்கும் பின்பக்கத்தில் குந்தியிருந்து வால்வ் இடைவெளி பார்ப்பதும் பலருக்குப் புதினமாக இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

எங்களுடையது 1959ஆம் ஆண்டுக் கார். 1192 சிசி, 30 குதிரைவலு. அப்பா நீர்ப்பாசனத் திணைக்களத்தில் ஓவசியர். குளக்கட்டுகளுக்குப் போய்வர 1974இல் இதை இரண்டாங்கையாக வாங்கினார். நான் பிறந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து. அப்பா 2011இல் போய்விட்டார். அன்றிலிருந்து கார் என் கையில்.

உள்ளே ஏறி உட்கார்ந்தால் முன்னால் ஒரேயொரு வட்டம். அது வேகமானி. அதற்குள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இரண்டு சின்ன வெளிச்சம். பச்சை எரிந்தால் ஒயில் அழுத்தம் இல்லை. சிவப்பு எரிந்தால் மின்சாரம் உண்டாக்கும் டைனமோ சுற்றவில்லை. அவ்வளவுதான். எஞ்சின் சூடு காட்டும் முள் கிடையாது. எவ்வளவு பெற்றோல் இருக்கிறது என்று காட்டும் முள்ளும் கிடையாது. அது 1961இல்தான் வந்தது. முன்பக்கப் பொனற்றைத் திறந்து, தாங்கியின் மூடியைக் கழற்றி, குச்சி விட்டுத்தான் பார்க்க வேண்டும். அப்பா முதிரைக் கட்டையில் சீவிய குச்சி இன்னும் காருக்குள் கிடக்கிறது. பத்து, இருபது, முப்பது லீற்றருக்குப் பேனாக்கத்தியால் வெட்டிய கோடுகள். முப்பதுக்கு மேலே கோடு இல்லை. நிரம்ப அடித்த நாட்கள் அவருக்கு அவ்வளவு குறைவு.

குச்சி பார்க்க மறந்து ஓடினால் கார் ஒருமுறை இழுத்து விக்கும். அப்போது டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் குழாய்த் திருகியைக் காலால் தட்டி ‘ரிசர்வ்’ பக்கம் திருப்ப வேண்டும். இன்னும் ஐந்து லீற்றர் கிடைக்கும். அந்த விக்கலைக் கேட்டதும் கால் தானாகப் போகிற அளவுக்குப் பழகிவிட்டது. இந்தக் காரைப் பற்றி நான் சொல்லக்கூடிய முக்கியமான விஷயமே இதுதான்: பார்த்து ஓட்டுகிற கார் இல்லை இது, கேட்டு ஓட்டுகிற கார். அப்பா எனக்கு ஓட்டப் பழக்கிய முதல் கிழமை ரேடியோ போட விடவில்லை. “பிள்ளை, முதல்ல சத்தத்தைக் கேள். பிறகு கியரைத் தொடு” என்பார். முதலாம் கியருக்கு சிங்க்ரோமெஷ் (கியர்ப் பற்களின் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு) இல்லை என்பதால் கார் முற்றாக நின்ற பிறகுதான் அதைப் போடலாம். அவசரப்பட்டால் பல்லைக் கடிக்கிற சத்தம் வரும்.

சரி, இந்தக் கார் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஏனென்றால் இதை வடிவான பழைய பொம்மை என்று மட்டும் கொண்டாடுவது எனக்கு உடன்பாடில்லை. 1930களில் ஹிட்லரின் அரசு ஃபெர்டினாண்ட் போர்ஷேயிடம் கேட்டு வடிவமைத்த மக்கள் கார் இது. 990 மார்க் விலை. கிழமைக்கு ஐந்து மார்க் முத்திரை வாங்கி அட்டையில் ஒட்டினால் கார் தருவோம் என்றார்கள். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட சனம் பணம் கட்டியது. ஒருவருக்குக்கூடக் கார் கிடைக்கவில்லை. போர் தொடங்கியதும் தொழிற்சாலை இராணுவ வாகனங்களுக்கு மாறியது. சுமார் 20,000 பேர், போர்க் கைதிகளும் வதைமுகாம் கைதிகளும் பிற நாடுகளிலிருந்து பிடித்துக்கொண்டு வரப்பட்டவர்களும், அங்கே கட்டாய வேலை செய்தார்கள்.

2017 கோடையில் தம்பி என்னை அந்தத் தொழிற்சாலை இருக்கும் வொல்ஃப்ஸ்பர்க்குக் கூட்டிப் போனான். அவன் ஜெர்மனிக்குப் போய் இருபது வருடத்துக்கு மேல். கால்வாய்க் கரையில் அந்த நாலு புகைபோக்கிகளையும் பார்த்துவிட்டு, தொழிற்சாலைக்குள் ஒரு பழைய பதுங்குகுழிக்குப் போனோம். கட்டாய வேலை செய்தவர்களின் நினைவாக 1999இல் அங்கே ஒரு நினைவிடம் திறந்திருக்கிறார்கள். போவதற்கு முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டியிருந்தது. தடித்த கொங்கிரீற் சுவர், தாழ்ந்த கூரை. பங்கருக்குள் இருந்து வளர்ந்த எங்கள் இருவருக்கும் அந்த ஈர மணம் தெரிந்த மணம். வெளியே வந்த பிறகும் கனநேரம் நாங்கள் கதைக்கவில்லை. “அக்கா, வீட்டை நிக்கிற காரும் இஞ்சையிருந்துதான் வந்தது” என்றான். அதற்கு மேல் அவனும் ஒன்றும் சொல்லவில்லை.

போருக்குப் பிறகு அந்த ஆலையைக் காப்பாற்றியது ஒரு பிரித்தானிய இராணுவ அதிகாரி, மேஜர் ஐவன் ஹேர்ஸ்ட். இடிந்த கட்டடத்துக்குள் ஒரு காரைத் தேடியெடுத்து, இராணுவப் பச்சை அடித்து, மேலிடத்துக்குக் காட்டி, 1945இல் 20,000 கார்களுக்குக் கட்டளை பெற்றார். 1948இல் ஹைன்ரிஷ் நோர்ட்ஹோஃப் பொறுப்பெடுத்தார். வெளி உருவத்தை மாற்றாதே, உள்ளே இருப்பதை வருடா வருடம் திருத்து என்பதுதான் அவர் வழி. 1972 பெப்ரவரி 17இல் 15,007,034ஆவது கார் இறங்கி ஃபோர்டின் மொடல் ரீயை முந்தியது. கடைசிப் பீற்றில் 2003 ஜூலை 30இல் மெக்சிகோவின் புவெப்லாவில் இறங்கியது. மொத்தம் 21,529,464. இவ்வளவு நீண்ட காலம் செய்ததால்தான் இன்றும் உதிரிப்பாகம் கிடைக்கிறது. என் காரில் பிரேசிலில் செய்த பாகங்களும் இருக்கின்றன, தம்பி பொதியில் அனுப்பிய ஜெர்மன் பாகங்களும் இருக்கின்றன.

இந்த எஞ்சினில் தண்ணீர் இல்லை. காற்றுத்தான் குளிரவைக்கிறது. டைனமோவின் தண்டிலேயே விசிறி பூட்டியிருக்கிறது; இரண்டையும் சுற்றுவது ஒரேயொரு பெல்ற். எஞ்சின் சுற்றும்வரை விசிறியும் சுற்றும், கார் ஓடினாலும் நின்றாலும். இந்த விவரத்தின் பெறுமதி எங்களுக்கு 1995 ஒக்ரோபர் 30 இரவு தெரிந்தது. போரால் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதிச் சனமே இடம்பெயர்ந்து நடந்த இரவு அது. மழை. நாவற்குழிப் பாலத்துக்குப் போகிற பாதையில் சனம் தோளோடு தோள் உரச நகர்ந்தது. எங்கள் காருக்குள் அப்பம்மாவும், அயல்வீட்டுக் கைக்குழந்தையும் தாயும், அரிசி மூட்டையும். அப்பா முதலாம் கியரிலேயே, மனித நடையைவிட மெதுவாக, விடியும்வரை உருட்டினார். நானும் தம்பியும் பின்னால் சைக்கிளில். வழியில் கொதித்துப்போய் ஓரங்கட்டிய வாகனங்களைக் கண்டோம். எங்களுடையது கொதிக்கவில்லை. கொதிக்க அதில் தண்ணீர் இல்லை.

அதுவும் மண்ணெண்ணெயில். 1990க்குப் பிறகு குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றுபோன காலம். மருந்துப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலைக் காபரேற்றர் வாய்க்குள் சில துளி விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறுவோம். இந்த எஞ்சினின் அமுக்க விகிதம் (சிலிண்டருக்குள் எரிபொருள் கலவையை நெருக்கும் அளவு) 6.6க்கு 1, மிகவும் குறைவு. அதனால்தான் தட்டுத் தட்டென்று அடிக்காமல் அந்த எரிபொருளை அது பொறுத்துக்கொண்டது. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் மெல்ல இறங்கி ஒயிலோடு கலக்கும். ஒயில் குறைய வேண்டிய இடத்தில் கூடிக்கொண்டு போகும். ஒயில் குச்சியை இழுத்து மோந்து பார்த்துவிட்டு அப்பா முகம் சுருக்குவது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. நாங்கள் திரும்பி வந்த பிறகு எஞ்சினைக் கழற்றினோம். நாலு போல்ற், ஒரு ஜாக், மூன்று ஆட்கள். அரை நாளில் எஞ்சின் நிலத்தில்.

இனிப் பராமரிப்பு. ஒயில் இரண்டரை லீற்றர் மட்டும், வடிகட்டிக்குப் பதில் ஒரு கம்பி வலை. ஆகவே 2,500 கிலோமீற்றருக்கு ஒருதரம் நான் மாற்றிவிடுகிறேன். 5,000க்கு ஒருதரம் வால்வ் இடைவெளி. எஞ்சின் இரவு முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். 0.10 மில்லிமீற்றர் தகடு வால்வின் நுனிக்கும் அதை அமத்தும் றொக்கருக்கும் நடுவில் லேசான பிடிப்போடு வழுக்க வேண்டும். தாளுக்கு நடுவிலிருந்து இன்னொரு தாளை உருவுவது போன்ற பிடிப்பு அது. அதை எழுத்தில் விளக்க முடியாது. விரல் ஒருமுறை உணர்ந்தால் போதும். மூன்றாம் சிலிண்டரை இரண்டுதரம் பாருங்கள். ஒயில் கூலர் அதற்கு முன்னால் நிற்பதால் குளிர்காற்று அதற்குக் குறைவாகவே போகும்.

அந்த மூன்றாம் சிலிண்டரால்தான் நான் ஒருமுறை கண்ணீர் விட்டேன். 2013இல் கொழும்பில் ஒரு கராஜில் கிளச் மாற்றக் கொடுத்தேன். எஞ்சினைத் திரும்பப் பூட்டும்போது அதைச் சுற்றி வரும் தகரத் தட்டுகளில் இரண்டையும், ஓரத்து றப்பர் பட்டியையும் தேவையில்லையென்று விட்டுவிட்டார்கள். அந்தத் தகரங்கள் அலங்காரத்துக்கு இல்லை. கீழே சைலன்சர் பக்கம் இருக்கும் சூடான காற்றை மேலே விசிறி மறுபடி இழுக்காமல் மறிப்பவை. மதவாச்சி தாண்டும்போதே சத்தம் மாறியது. மணி போல அடித்துக்கொண்டிருந்த எஞ்சின் சோர்ந்து இருமியது. வவுனியாவில் நிறுத்திப் பார்த்தால் மூன்றாம் சிலிண்டரின் வெளியேற்று வால்வ் எரிந்திருந்தது. பழைய பீற்றில் வாங்கப் போகிறவர்கள் எஞ்சின் மூடியைத் திறந்ததும் முதலில் அந்த றப்பர் பட்டியைத் தேடுங்கள். நிலம் தெரிகிற இடைவெளி இருந்தால் விலை பேசுவதை நிறுத்திவிட்டு யோசியுங்கள்.

சிவப்பு வெளிச்சத்துக்கு வருகிறேன். ஓடும்போது அது எரிந்தால், வீடு பக்கத்தில்தானே என்று ஓட்டக்கூடாது. பெல்ற் அறுந்திருக்கும், விசிறி நின்றிருக்கும், சில நிமிடத்தில் எஞ்சின் போய்விடும். மாங்குளத்துக்கு அருகே எனக்கு அப்படி நடந்தது. மதியம் ஒரு மணி, பக்கத்தில் நிழல்கூட இல்லை. புது பெல்ற், 21ஆம் நம்பர் ஸ்பானர், திருப்புளி மூன்றும் முன்சீற்றுக்குக் கீழே எப்போதும் இருக்கும். டைனமோ புலியின் (பெல்ற் ஓடும் சக்கரத்தின்) விளிம்பில் ஒரு வெட்டு இருக்கிறது. திருப்புளியை அதற்குள் கொடுத்துப் புலியைச் சுற்றவிடாமல் பிடித்து நட்டைக் கழற்றலாம். புலி இரண்டாகப் பிரியும். நடுவில் மெல்லிய வளையங்கள் இருக்கும். ஒன்றை நடுவிலிருந்து எடுத்து வெளியே போட்டால் பெல்ற் இறுகும், உள்ளே போட்டால் தளரும். பெருவிரலால் அமத்தினால் ஒன்றரை சென்ரிமீற்றர் இறங்க வேண்டும். இருபது நிமிட வேலை. ஒரு லொறிக்காரர் நிறுத்தி, “தங்கச்சி, உதவி வேணுமோ?” என்று கேட்டார். அதற்குள் நட்டை இறுக்கிக்கொண்டிருந்தேன். ஆனாலும் அவர் தந்த தண்ணீர்ப் போத்தலை மறக்கவில்லை.

ஓட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. 60-70இல் மிக இதமாகப் போகும். ஆனையிறவில் பக்கக்காற்று அடித்தால் காரைத் தள்ளும். ஸ்ரியரிங்கை இரண்டு கையாலும் பிடியுங்கள். வளைவுக்குள் போன பிறகு அக்சிலேற்றரைச் சட்டென்று விடாதீர்கள், பின் சில்லு உள்ளே மடியப் பார்க்கும். பிரேக் நாலும் டிரம். முன்னால் போகிற ஓட்டோவுக்கும் உங்களுக்கும் நல்ல இடைவெளி வேண்டும். ஆறு வோல்ற் வெளிச்சம் மங்கல்தான், ஆனால் எர்த் இணைப்புகளைத் தேய்த்துச் சுத்தமாக்கினால் பாதிக் குறை தீரும். கதவுத் தூணிலிருந்து எழும்பும் மஞ்சள் கைகாட்டியை எங்கள் தெருப் பிள்ளைகள் கைதட்டி ரசிக்கிறார்கள். பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரருக்கு அது விளங்காது. அதனால் பம்பரில் சின்ன சிக்னல் விளக்குகளும் பூட்டியிருக்கிறேன்.

ஒரு லீற்றருக்கு எனக்கு 12 கிலோமீற்றர் கிடைக்கிறது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கிழமைக்கு 20 லீற்றர் என்று கியூஆர் முறை வந்தபோது பாடசாலைக்கும் அம்மாவின் கிளினிக்குக்கும் அது போதுமாக இருந்தது. பெற்றோல் ஷெட்டில் அடித்து முடித்ததும் அப்பாவின் குச்சியை விட்டுப் பார்த்தேன். வரிசையில் நின்ற ஒரு முதியவர் இறங்கி வந்து அந்தக் கோடுகளைத் தடவிப் பார்த்தார்.

கடைசியாக, கறள், அதாவது துரு. எங்கள் உப்புக்காற்றில் இந்தக் காருக்கு எமன் அதுதான். பின்சீற்றைத் தூக்குங்கள். பற்றறி அங்கேதான் இருக்கிறது. அதன் கீழே தரை அமிலத்தில் அரித்து ஓட்டையாகியிருக்கும். அப்புறம் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதியைக் குத்தூசியால் குத்திப் பாருங்கள். ஹீற்றர் காற்று போவதற்காகச் செய்தது, எங்கள் ஊருக்கு அந்தச் சூடு வேண்டாம், ஆனால் காரின் முதுகெலும்பில் பாதிப் பலம் அதில் இருக்கிறது. பெயின்ற் பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். எஞ்சின் கெட்டால் திருத்தலாம், தரை போனால் செலவு காரின் விலையைத் தாண்டும்.

என் காரில் இடப்பக்கப் பெட்டி மறுபடி மெலிந்துவிட்டது. குத்தூசி இரண்டு இடத்தில் உள்ளே போகிறது. தகடு தம்பியிடமிருந்து வந்துவிட்டது. வெல்டிங் அண்ணை மழை தொடங்க முன்னம் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை பலாலி வீதிக்கு அப்பால் கொண்டுபோவதில்லை.