மருத்துவமனைக்குத் துணை செல்வோரை ஒருங்கிணைக்க ஒரு விரிதாள்: நான்கு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

சென்னையின் தென்புறநகர்ப் பகுதி ஒன்றில், தனியாக வாழும் முதியவர்களையும் பார்வையோ நடையோ குன்றியவர்களையும் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று மீண்டும் வீட்டில் விடும் தன்னார்வலர்களை ஒருங்கிணைக்கும் பொறுப்பு 2021 முதல் என்னிடம் இருக்கிறது. யார், யாரை, எந்த நாளில், எங்கே அழைத்துச் செல்வது என்பதை இணையத்தில் பலரும் சேர்ந்து நிரப்பக்கூடிய ஒரு சாதாரண விரிதாளில்தான் (ஸ்ப்ரெட்ஷீட்) பதிந்துவந்திருக்கிறோம். இதே பணியைத் தங்கள் பகுதியில் தொடங்க விரும்புவோர் எந்தச் செயலியை வாங்கலாம் என்று என்னிடம் கேட்பதுண்டு. அவர்களுக்காகவே இந்த அனுபவத்தை எழுதுகிறேன்.

2021 மார்ச் 1 அன்று 60 வயதைக் கடந்தவர்களுக்குக் கொரோனா தடுப்பூசி போடத் தொடங்கியபோது, தெருவில் இருந்த சில முதியவர்களை முகாமுக்கு அழைத்துச் சென்றதுதான் தொடக்கம். கோவிஷீல்டின் இரண்டாம் தவணைக்கு முதலில் 28 நாள் என்றிருந்த இடைவெளி, அம்மாத இறுதிக்குள் 6 முதல் 8 வாரம் என்றும், மே மாதத்தில் 12 முதல் 16 வாரம் என்றும் மாறியதால், நாட்காட்டியில் நான் வட்டமிட்டு வைத்திருந்த தேதிகள் அனைத்தும் வீணாயின. ஒரு எண்ணை மாற்றினால் எல்லாத் தேதிகளும் தாமாக மாறிவிடும் என்பதற்காகவே விரிதாளுக்கு வந்தோம். அதில் அது இன்றுவரை குறை வைத்ததில்லை.

குறை எங்கள் தலைப்புகளில் இருந்தது. பெயர், தேதி, நேரம், மருத்துவமனை, துணைக்குச் செல்பவர் என்று ஐந்து நெடுவரிசைகளோடு தொடங்கினோம். இவற்றில் ‘நேரம்’ என்பது தனியார் மருத்துவமனைக்குப் பொருந்தும். அரசு மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவுக்குப் பொருந்தாது. ஓ.பி. சீட்டு வரிசை, மருத்துவர் அறை வரிசை, இரத்தப் பரிசோதனை வரிசை, மாத்திரை வாங்கும் வரிசை என்று நான்கு இடங்களில் நிற்க வேண்டியிருக்க, 9 மணி என்று ஒரே கட்டத்தில் எழுதி வைப்பதால் எவருக்கும் பயனில்லை. சிறப்புப் பிரிவுகள் வாரத்தின் குறிப்பிட்ட நாள்களில் மட்டுமே இயங்குவதால், சீட்டு வாங்கும் நேரத்தைத் தவறவிட்டால் ஒரு வாரமே போய்விடும். ஆகவே ‘நேரம்’ என்பதை எடுத்துவிட்டு, ‘வீட்டை விட்டுக் கிளம்பும் நேரம்’, ‘வெறும் வயிறா?’ என்ற இரண்டு தலைப்புகளைச் சேர்த்தோம். வெறும் வயிற்றில் ஒருமுறையும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுமுறையும் சர்க்கரைக்கு இரத்தம் கொடுக்க வேண்டியவருக்கு, இடையில் இட்லி வாங்கிக் கொடுத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க ஒருவர் வேண்டும் என்பது, அந்தத் தலைப்பு வந்த பிறகுதான் புதிதாகச் சேர்ந்த தன்னார்வலர்களுக்குப் புரிந்தது.

இதைவிட முக்கியமான மாற்றம் ஒரு தவறிலிருந்து வந்தது. மருத்துவரைப் பார்த்து முடித்ததும் அந்த வரியைப் பச்சை நிறமாக்கிவிடுவது எங்கள் வழக்கம். கண்ணின் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விட்டுக் கண் பரிசோதனை செய்துகொண்ட பெரியவர் ஒருவரை, அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது என்பதால் எங்கள் தன்னார்வலர் தெருமுனையில் ஆட்டோவிலிருந்து இறக்கிவிட்டுச் சென்றுவிட்டார். அந்தச் சொட்டு மருந்துக்குப் பின் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும்; வெயில் கூசும். பெரியவர் பக்கத்துத் தெருவுக்குள் நுழைந்து, வேறொரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தார். எங்கள் விரிதாளில் அவருடைய வரி பச்சையாக இருந்தது. அன்று முதல், ‘கதவைத் திறந்து உள்ளே விட்ட நேரம்’ என்ற கடைசிக் கட்டம் நிரம்பினால் மட்டுமே வரி பச்சையாகும். நான்கு ஆண்டுகளில் நாங்கள் சேர்த்த தலைப்புகளுள் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

திரும்பும் பயணத்தைத் தனி வேலையாகப் பார்க்கத் தொடங்கியதும் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ஆள் கிடைப்பதும் எளிதாயிற்று. வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் என்றால், வேலைக்குப் போகும் எவரும் தயங்கத்தான் செய்வார். போகும்போது ஓரளவு தெம்பாக இருப்பவருக்கு, முடிந்து எழும்போது இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றுவதுண்டு. எனவே ஒரு வருகைக்கு ஒரு வரி என்றிருந்ததை, போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று என இரண்டாகப் பிரித்து, அனுபவம் மிகுந்தவர்களை இரண்டாவது வரியில் அமர்த்தினோம்.

கைப்பேசிச் செய்திக் குழுவைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. ‘நாளை காலை யாராவது போக முடியுமா?’ என்று குழுவில் கேட்டால், யாராவது போவார் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். இரவு பத்து மணிக்குக் கைகூப்பிய படங்கள் மட்டும் வந்திருக்கும். தவிர, யாருக்கு வசதியோ அவர் போகட்டும் என்ற அந்த முறையே துணை செல்வதற்கு ஏற்றதன்று. “போன தடவை வந்த பொண்ணு வரலியாப்பா?” என்று ஒரு பாட்டி கேட்டபோதுதான், ஒவ்வொரு முறையும் புதியவர் ஒருவரிடம் தம் மூலநோயைப் பற்றி அவர் விளக்கிக்கொண்டிருந்தது எனக்கு உறைத்தது. இப்போது ஒருவருக்கு இருவர் என்று நிலையாகப் பொருத்திவிடுகிறோம். குழுவில் அறிவிப்புகள் மட்டுமே. முந்தைய நாள் மாலை இரு தரப்பையும் நானே தொலைபேசியில் அழைத்துப் பேசிவிடுகிறேன்.

நோயின் பெயரை எல்லோரும் பார்க்கும் தாளில் எழுதியது நாங்கள் செய்த இன்னொரு பிழை. எச்.ஐ.வி. உள்ளவரின் நிலையை அவருடைய ஒப்புதலின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. காசநோய்க்கும் மனநோய்க்கும் அக்கம்பக்கத்தில் கிடைக்கும் பெயரை நான் விளக்க வேண்டியதில்லை. இன்று விரிதாளில் நோய் இல்லை; செல்ல வேண்டிய பிரிவின் அறை எண் மட்டும் இருக்கிறது. மற்றவை என் பீரோவில் உள்ள நீள நோட்டில் உள்ளன. அதே நோட்டில், சம்மதப் படிவத்தில் கையெழுத்திட உரிமையுள்ள உறவினரின் தொலைபேசி எண்ணும் இருக்கும். எங்கள் தன்னார்வலர் ஒருவரை ஒரு மருத்துவமனையில் ‘மகன்’ என்று எழுதிக் கையெழுத்திடச் சொன்ன பிறகு சேர்த்தது அது.

இடையில் மூன்று மாதம் கட்டண மென்பொருள் ஒன்றைப் பயன்படுத்திப் பார்த்தோம். பார்வைக்கு அழகாக இருந்தது; ஆனால் நினைவூட்டல்களைக் குறுஞ்செய்தியாக அனுப்பியது. எங்கள் முதியவர்களில் பாதிப் பேர் பட்டன் கைப்பேசி வைத்திருப்பவர்கள். குறுஞ்செய்தியைத் திறக்கவே மாட்டார்கள்.

செலவுக்கணக்கை ஒரு தனிப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கும், மாற்றுத்திறனாளிக்கும் அவருடன் செல்லும் ஒருவருக்கும் கட்டணமில்லை. மாநகரப் பேருந்தில் 60 வயதான சென்னைவாசிகளுக்கு மாதம் 10 டோக்கன் உண்டு. ஆயினும் முழங்கால் வலி உள்ளவருக்குப் பேருந்தின் படி பெரிய தடை; பெரும்பாலும் ஆட்டோதான். 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கி, இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வரத் தொடங்கியதும் எங்கள் வரிகளில் எளிய பயணங்கள் குறைந்தன. ஸ்கேன், புற்றுநோய்ச் சிகிச்சை, கண் அறுவை என்று நாள் முழுவதும் பிடிப்பவையே மிஞ்சின. எண்ணிக்கை குறைந்தும் ஆள் போதவில்லை என்று நான் சொல்வது வெளியாருக்குப் புரிவதில்லை.

விரிதாள் முற்றிலுமாகக் கைவிட்டது ஒரே ஒரு முறைதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் பகுதியில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் இல்லாமல் போக, மறுநாள் யாருக்கு டயாலிசிஸ் என்பதே எனக்கு நினைவிலிருந்துதான் வர வேண்டியிருந்தது. பக்கத்துத் தெருவில் இருந்த தன்னார்வலர் முழங்கால் தண்ணீரில் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். டயாலிசிஸ் ஒரு நாள் தள்ளித்தான் நடந்தது. அதன் பிறகு சனிக்கிழமைதோறும் மாலையில் அடுத்த வாரப் பக்கத்தை அச்சிட்டுக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுகிறேன். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மட்டும், நடந்தே போய்ச் சேரக்கூடிய தூரத்தில் யார் இருக்கிறார் என்ற கூடுதல் தலைப்பு அதில் இருக்கும்.