மாடா, வெள்ளாடா, கிடையா, கோழியா: மனசு லேசாக எதனோடு பொழுதைக் கழிப்பது?

ராமநாதபுரம் கடலோரத்தில் இருந்துகொண்டு "மனசு சரியில்லை" என்று சொன்னால் எல்லோரும் கைகாட்டுவது கடலைத்தான். தேவிபட்டினத்திலோ கீழக்கரையிலோ சாயங்காலம் போய்க் கொஞ்ச நேரம் உட்கார், சரியாகிவிடும் என்பார்கள். உட்கார்ந்து பாருங்கள், கொஞ்ச நேரத்தில் கை தானாகப் போனைத் தேடும், ஆபீஸ் குரூப்பில் யார் என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்க்கத் தோன்றும், அப்புறம் எதற்குக் கடற்கரை? கடல் நம்மிடம் எதையும் கேட்பதில்லை. ஆடு மாடு அப்படி விடாது. தண்ணீர் கேட்கும், காலில் கயிற்றைச் சுற்றிக்கொள்ளும், அடுத்தவன் கொல்லைக்குள் புகும். அந்தத் தொல்லைதான் மருந்து என்பது என் கட்சி, அதனால் கீழே வரும் அலசலும் அந்தக் கணக்கில்தான்.

வெளிநாட்டில் இதைக் கட்டிப்பிடி வைத்தியமாக ஆக்கிவிட்டார்கள். நெதர்லாந்தில் பண்ணைக்குப் போய்ப் பசுவின் மேல் சாய்ந்து படுத்துக்கொள்ளக் காசு கொடுக்கிறார்கள், அமெரிக்காவின் ஓரிகானில் 2016இல் ஆடுகளை நடுவில் விட்டு யோகா வகுப்பு தொடங்கினார்கள். நம் நாட்டில் விலங்குகள் நல வாரியம் 2023 பிப்ரவரி 14ஐப் பசுவை அணைக்கும் நாளாகக் கொண்டாடச் சொல்லிவிட்டு, அந்த நாள் வருமுன்பே அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. எனக்கு இவற்றைவிட நார்வேக்காரர்கள் செய்ததுதான் உருப்படியாகத் தெரிகிறது. 2008இல் வெளியான ஓர் ஆய்வில், மனநலச் சிகிச்சையில் இருந்த 90 பேரில் ஒரு பகுதியினரை 12 வாரம் பண்ணை விலங்குகளோடு வேலை செய்ய விட்டார்கள். 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை அவர்களுக்குக் கூடியிருந்தது ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது தெரிந்தது. மனச்சோர்வு உள்ளவர்களைக் கறவை மாட்டுப் பண்ணைகளில் விட்டுச் செய்த இன்னொரு ஆய்வில், பால் கறப்பது போன்ற வேலைகளில் கை தேறியவர்களுக்குப் பதற்றமும் சோர்வும் குறைந்திருந்தன. சின்ன ஆய்வுதான், ஆனால் தடவிக்கொடுப்பது வேறு, வேலை பார்ப்பது வேறு என்பதற்கு இது போதும். தூக்கமே வராமல், உயிரை வெறுக்கிற அளவுக்குப் போய்விட்டவர்கள் மாட்டுக்கொட்டகைக்குப் போகும் முன் மருத்துவரிடம் போகவேண்டும், அல்லது 14416க்குப் போன் செய்யலாம், அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்.

சரி, முதலில் மாடு. பக்கத்தில் நிற்பதற்கு மாட்டுக்கு ஈடு இல்லை. உடம்புச் சூடு நம்மைவிட ஒன்றரை டிகிரி கூட, எதையும் அவசரமில்லாமல் செய்யும், ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் அசைபோடுவதிலேயே போய்விடும். கழுத்தடியில், அலைதாடிப் பக்கம் சொறிந்துவிட்டால் கழுத்தை நீட்டிக் காதைத் தளர்த்திவிடும். சொறிகிற நமக்கும் மூச்சு நிதானமாகிறது. ஆனால் இதற்காக மாடு வாங்காதீர்கள். காலையும் மாலையும் கறக்கவேண்டும், மாட்டுக்கு லீவு கிடையாது, இந்தப் பக்கம் கோடையில் பச்சைப் புல்லுக்கு எங்கே போவது, திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம் பக்கமிருந்து வரும் வைக்கோலை நம்பித்தான் காலம் தள்ளவேண்டும். ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை என்று நொந்துபோனவர் வீட்டிலும் ஒரு லீவில்லாத வேலையைக் கட்டிக்கொள்வதில் என்ன நிம்மதி? சொந்தக்காரர் வீட்டு மாட்டைக் குளிப்பாட்டுங்கள், உண்ணி பிடுங்குங்கள், சாணி அள்ளுங்கள், அது போதும். கன்று ஈன்ற மாட்டிடம் மட்டும் நெருங்கவேண்டாம், பின்பக்கமாகப் போய்த் திடீரென்று தொடவும் வேண்டாம். கறந்த பாலைக் காய்ச்சாமல் குடிப்பது வீரமில்லை, புரூசெல்லா என்ற கிருமி அப்படியும் வரும்.

அடுத்தது வெள்ளாடு, என் ஓட்டு இதற்குத்தான். நம் பக்கத்துக் கொடியாடு உயரமாக, ஒல்லியாக, வெள்ளை உடம்பில் கறுப்போ செம்பழுப்போ தெளித்த மாதிரி இருக்கும். அதன் பின்னால் நடப்பது நம் வாக்கிங் மாதிரி நேர்கோட்டில் போகிற நடை இல்லை. சீமைக்கருவேல மரத்தடியில் நெற்றுப் பொறுக்கும், இரண்டு காலில் நின்று கொப்பை இழுக்கும், நாம் துரட்டியால் வேலங்கொப்பை வளைத்துக் கொடுப்பதற்குள் மந்தையில் பாதி உச்சிப்புளிப் பக்கத்துத் தென்னந்தோப்பு எதற்காவது படையெடுத்திருக்கும். அங்கே இளங்கன்றைக் கடித்துவிட்டால் வருகிற வழக்கு இருக்கிறதே, அதற்குப் பழைய மன அழுத்தமே தேவலை. ஆக இரண்டு மணி நேரமும் கண் ஆட்டின் மேலேயே இருக்கும், போன் பையிலேயே இருக்கும். எந்தத் தியான வகுப்பிலும் எனக்கு இந்தக் கவனம் வந்ததில்லை.

இன்னொன்று, ஆடு நம்மைக் கவனிக்கிற பிராணி. திறக்கமுடியாத டப்பாவில் தீனியை வைத்தால் ஆடு திரும்பி மனிதரின் முகத்தைப் பார்க்கிறது என்றும், கோபமான முகப் படத்தைவிடச் சிரித்த முகப் படத்தை நாடிப் போகிறது என்றும் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016, 2018இல் எழுதியிருக்கிறார்கள். ஆட்டுக்காரர்கள் இதைக் கேட்டால் "இதுக்கு ஆராய்ச்சி வேறயா" என்பார்கள்.

ஆட்டில் ஒரு சிக்கல் உண்டு, அதை மறைத்துப் பேசக்கூடாது. பக்ரீத் வரும், ஊரில் கோயில் கொடை வரும், நீங்கள் பெயர் வைத்துத் தடவிக்கொடுத்த கிடாய் ஒரு நாள் தொழுவில் இருக்காது. வளர்க்கிறவர்களுக்கு அது வயிற்றுப்பாடு, அவர்களிடம் போய்க் கேள்வி கேட்பதற்கு நமக்கு உரிமையில்லை. தாங்கமுடியாது என்றால் கிடாயை விட்டுவிட்டுப் பெட்டை ஆடுகளோடு மட்டும் பழகுங்கள். அவையும் விற்கப்படும், ஆனால் மெதுவாக.

செம்மறிக் கிடை வேறு ரகம். அறுவடை முடிந்ததும் வயலில் உரத்துக்காக ராத்திரி ஆடுகளை அடைத்துவைப்பார்கள், இதுதான் கிடை போடுவது, ஒரு கிடையில் நூற்றுக்கணக்கில் ஆடு நிற்கும். அந்தக் கதகதப்பு, கனைப்பு, புழுக்கை வாடை எல்லாம் சேர்ந்த ஒரு ராத்திரி நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நமக்கு அங்கே வேலை இல்லை, வேடிக்கைதான். செம்மறி தலையைக் குனிந்தபடி மந்தையோடு போகும், நம்மை முகம் பார்ப்பதும் குறைவு. நாம் 'ஆஹா என்ன அமைதி' என்று உட்கார்ந்திருக்கும்போது மந்தையை மேய்க்கும் கீதாரிக்குக் களவு பயம், மழை பயம், துள்ளுமாரி நோய் வந்து நல்ல ஆடு பொழுது விடிவதற்குள் சாகுமோ என்ற பயம். அவருடைய மன அழுத்தத்தின் நடுவில் போய் நாம் நம்முடையதை ஆற்றிக்கொள்வது கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை போகலாம், கையில் டீத்தூளும் சீனியும் கொண்டுபோங்கள்.

கோழி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. செலவு குறைவு, இடம் குறைவு, குருணை போட்டால் ஓடிவரும், மடியில் உட்காராது. ஒரே ஒரு காரணத்துக்காக இதை இரண்டாவது இடத்தில் வைக்கிறேன்: அந்தி சாய்ந்ததும் அடைக்கவேண்டும், இல்லாவிட்டால் காட்டுப்பூனை தூக்கிவிடும். வீட்டிலிருந்தே லேப்டாப்பில் வேலை பார்ப்பவருக்கு சாயங்காலம் ஆறரை மணிக்கு நாற்காலியை விட்டு எழுந்தே ஆகவேண்டும் என்கிற அந்தக் கட்டாயத்தை எந்த மேனேஜரும் தரமாட்டார். வெள்ளைக்கழிச்சல் நோய்க்குத் தடுப்பூசியை மட்டும் கால்நடை மருந்தகத்தில் நேரத்தோடு போட்டுவிடுங்கள்.

ஆக, வார நாளுக்குக் கோழி, ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்தவர் வெள்ளாடு. ஆட்டுக்காரரிடம் "அண்ணே, சும்மா பார்க்க வர்றேன்" என்று போகாதீர்கள், சும்மா பார்க்க வருகிறவர்கள் செல்ஃபி எடுத்துவிட்டுப் போவது அவருக்குத் தெரியும். "இன்னிக்கு நான் தழை ஒடிக்கிறேண்ணே" என்று சொல்லுங்கள். குட்டி போடுகிற ஆட்டுக்கு மட்டும் கையுறை இல்லாமல் உதவப் போகவேண்டாம், எது செய்தாலும் வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வெயில் ஏறுமுன் போகவேண்டும், செருப்புக்குப் பதில் ஷூ போட்டுக்கொள்ளவேண்டும், சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பை மதிக்காது.