துறவி நண்டுத் தொட்டியின் குளங்கள்: காற்று பம்பா, கையால் மாற்றுவதா?

காலிச் சங்குக்குள் உடலை நுழைத்துக்கொண்டு நிலத்தில் வாழும் துறவி நண்டுகளுக்குத் தொட்டிக்குள் இரண்டு சிறு குளங்கள் தேவை, ஒன்று நன்னீர், இன்னொன்று உப்புநீர் என்பதில் இப்போது பெரிய விவாதம் இல்லை. இரண்டும் நண்டு முழுதாக மூழ்கும் ஆழத்தில் இருக்க வேண்டும். மூழ்கிய நண்டு ஏறி வெளியே வர வழி இருக்க வேண்டும். கருத்து பிரிவது அதற்குப் பிறகுதான். அந்தத் தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கும் வேலையைக் காற்று பம்பிடமும் பஞ்சு வடிகட்டியிடமும் விடுவதா, நாமே இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுவதா?

இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டுக் கையால் மாற்றும் முறையில் நிலைத்திருக்கிறேன். அதிலும் இரட்டை டப்பா முறைதான் என் தேர்வு. ஒரே அளவுள்ள பிளாஸ்டிக் டப்பாக்களில் ஒன்று மணலில் நிரந்தரமாகப் புதைந்திருக்கும். தண்ணீர் நிரம்பிய இன்னொன்று அதற்குள் உட்கார்ந்திருக்கும்.

கடைகளில் நண்டோடு சேர்த்துத் தருகிற தட்டையான சிறு கிண்ணத்தை நான் போட்டியிலேயே சேர்க்கவில்லை. நண்டு தன் சங்குக்குள் தண்ணீரைச் சேமித்துக்கொண்டு, அதிலிருந்துதான் செவுள்களை ஈரமாக வைத்திருக்கிறது. குளத்தில் இறங்கிச் சங்கை ஒரு பக்கம் சாய்த்து, உள்ளேயிருந்து குமிழிகள் கிளம்ப, பழைய நீரை விட்டுப் புது நீரை நிரப்பிக்கொள்வதை ஒருமுறை பார்த்தவர் அந்தக் கிண்ணத்தை மறுபடி வைக்க மாட்டார்.

காற்று பம்புக்கு உரிய பாராட்டைக் கொடுத்துவிட வேண்டும். குமிழிகள் தண்ணீரைத் தேங்கவிடுவதில்லை. மேலே படலம் படிவதில்லை. தொட்டியின் ஈரப்பதம் 80 சதவீதத்தை எளிதாக எட்டுகிறது. வறண்ட காலத்தில் தெளித்துத் தெளித்து அலுத்தவருக்கு இது பெரிய ஆறுதல். பஞ்சில் குடியேறும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை ஆபத்துக் குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்தச் சுழற்சி நிலைபெறச் சில வாரங்கள் பிடிக்கும். நிலைபெற்றுவிட்டால் நீரை முழுவதுமாக மாற்றும் வேலை வெகுவாகக் குறைகிறது. உப்புநீரின் பிஎச் அளவு 8-க்கு மேல் இருப்பதால் அதில் அம்மோனியாவின் நச்சுத்தன்மை கூடுதல். ஆகவே வடிகட்டியின் பலன் உப்புக் குளத்தில்தான் அதிகம் தெரியும்.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் நான் அந்தப் பக்கம் போகாததற்குக் காரணம் குளத்தின் அடியில் சேரும் வண்டல். மீன்தொட்டி அனுபவத்தை வைத்து இதை யோசிப்பவர்கள் தவறவிடும் இடம் இதுதான். மீன் தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது. நண்டோ இரவு முழுவதும் மணலிலும் தென்னை நார்த்தூளிலும் உழன்றுவிட்டு, கால்களிலும் சங்கிலும் அதையெல்லாம் அப்பிக்கொண்டு நேராகக் குளத்தில் இறங்குகிறது. தின்ற மிச்சம் வருகிறது, எச்சமும் விழுகிறது. நீரில் மிதப்பதைப் பஞ்சு இழுத்துக்கொள்ளும். கனமான மணல் பஞ்சுக்கு அடியிலேயே படிந்துவிடும், அதற்குள் சிக்கிய இரைத்துணுக்கு அங்கேயே அழுகும். மேலே பார்த்தால் தண்ணீர் பளிங்கு போலிருக்கும். விரலால் அடியை ஒரு சுற்றுச் சுற்றினால் பழுப்பு மேகம் எழும், கூடவே நாற்றமும்.

இதை வெளியேற்றியாக வேண்டும். பம்பு வைத்த குளத்தில் குழாய் போட்டு உறிஞ்சலாம். ஈர மணல் பாதியிலேயே குழாயை அடைத்துக்கொள்ளும். இல்லையென்றால் டப்பாவையே மணலிலிருந்து பெயர்த்தெடுக்க வேண்டும். அங்கேதான் ஆபத்து. தோலுரிக்கும் நண்டு ஈர மணலுக்குள் ஒரு சிறு குழி அமைத்துக்கொண்டு, உருவத்தைப் பொறுத்துச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை உள்ளேயே கிடக்கிறது. புது ஓடு இறுகும்வரை அதன் உடல் மெத்தென்று இருக்கும். குளத்தின் பக்கவாட்டுச் சுவரை ஒட்டியும், அதற்கு அடியிலும் நண்டுகள் குழி தோண்டுவது வழக்கம். டப்பாவைப் பெயர்த்தால் ஓரத்து மணல் சரியும், குழி மூடும். இதற்குப் பயந்து சுத்தம் செய்வதைத் தள்ளிப்போட்டால் வண்டல் அழுகிக்கொண்டே இருக்கும். இரண்டு கெடுதல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலைக்கு என் நண்டுகளை நான் கொண்டுபோக விரும்பவில்லை.

இரட்டை டப்பாவில் இந்தச் சிக்கலே எழுவதில்லை. வெளி டப்பா மணலைத் தாங்கியபடி அசையாமல் நிற்கிறது. உள் டப்பா வண்டலோடும் தண்ணீரோடும் ஒரே தூக்கில் வெளியே வந்துவிடுகிறது. குளத்துக்கு இரண்டாக உள் டப்பாக்கள் வைத்துக்கொண்டால் இன்னும் வசதி. ஒன்றை எடுத்த கையோடு, முந்தைய நாளே தயாரித்துத் தொட்டியின் வெப்பத்துக்கு வந்துவிட்ட தண்ணீரோடு அடுத்ததை வைத்துவிடலாம். தூக்கும் முன் உள்ளே நண்டு ஏதும் ஊறிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

சில நுணுக்கங்கள் உண்டு. இரண்டு விளிம்புகளும் நெருக்கமாகப் பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் சின்ன நண்டு இடைவெளியில் விழுந்து மாட்டிக்கொள்ளும். இடையில் தண்ணீர் கசிந்தால் டப்பாக்கள் ஒன்றோடொன்று உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும்; பிளாஸ்டிக் வலைத் துண்டு ஒன்றை அடியில் போட்டால் சுலபமாகப் பிரியும். ஏறி வருவதற்கும் அதே பிளாஸ்டிக் வலையைச் சுவரில் பொருத்துவது நல்லது. கூழாங்கல் பார்க்க அழகுதான். ஆனால் ஒவ்வொரு கல்லின் அடியிலும் அழுக்கு தங்கும், ஒவ்வொன்றையும் தேய்த்துக் கழுவ வேண்டும்.

பம்பின் மேல் எனக்கு இன்னொரு குறையும் உண்டு. உப்புக் குளத்தில் குமிழி உடையும்போதெல்லாம் நுண்துளிகள் தெறித்து, விளிம்பிலும் சுற்றியுள்ள மணலிலும் வெள்ளை உப்பாகப் படிகின்றன. காற்றில் ஏறும் மிகை ஈரம் கண்ணாடியில் வியர்த்து வழிந்து மணலின் அடியில் தேங்குகிறது. கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் அளவு ஈரம்தான் மணலுக்கு வேண்டும். அடியில் தண்ணீர் நின்றால் புதைந்திருக்கும் நண்டுக்கு அது உயிராபத்து.

கையால் மாற்றுவதில் வேலை அதிகம், மறுக்கவில்லை. உப்பும் அதிகம் செலவாகும். ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் என்ற கணக்கில் கடல்மீன் தொட்டிக்கான உப்பைக் கரைத்து, நீரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் சரிபார்க்க வேண்டும். கால்சியமும் மக்னீசியமும் போதிய அளவு இல்லாத சமையல் உப்பு இதற்கு உதவாது. குழாய் நீரில் குளோரின் மட்டும் இருந்தால் திறந்துவைத்தால் போய்விடும். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின் அப்படிப் போகாது, நீக்கும் மருந்து ஊற்ற வேண்டும். பதிலுக்கு ஒரு லாபம் கிடைக்கிறது: ஒவ்வொரு முறையும் புது நீர் என்பதால் உப்பின் அடர்த்தி கைமீறிப் போவதில்லை. பம்புக் குளத்தில் நீர் ஆவியாகி உப்பு தங்கிக்கொண்டே வரும். நன்னீர் ஊற்றி ஈடுகட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

நான் பம்பு வைத்துப் பார்த்தது நடுத்தர அளவுத் தொட்டியில், அதுவும் உப்புக் குளத்தில் மட்டும். டப்பாவைத் தூக்கவே முடியாத அளவு பெரிய குளங்களும் நிறைய நண்டுகளும் வைத்திருப்பவர்களுக்கும், அடிக்கடி வெளியூர் போகிறவர்களுக்கும் பம்பே பொருத்தமாக இருக்கலாம். அப்படி வைப்பவர்கள் பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள், அல்லது குழாயில் ஒருவழி வால்வு மாட்டுங்கள். மின்சாரம் நின்றால் தண்ணீர் பின்னோக்கி இறங்கிவிடும். காற்றுக்குழாய் நுழையும் ஓட்டையையும் இறுக்கமாக அடையுங்கள். நண்டுகள் குழாயைப் பிடித்துக்கொண்டு அபாரமாக ஏறும், மூடியில் சிறு இடைவெளி இருந்தாலும் வெளியேறிவிடும்.