சுண்டினால் 'டொக்' என்கிற வெண்கல ஆந்தை

அனுப்பர்பாளையத்தில் எங்களுக்கு மூன்று தலைமுறையாகப் பாத்திரப் பட்டறை. 'பழங்காலச் சீன வெண்கல ஆந்தை' என்று ஆன்லைனில் பார்த்ததும் கை நிற்கவில்லை. 2,350 ரூபாய் கட்டிவிட்டேன். பெட்டியைப் பிரித்து விரலால் ஒரு சுண்டு சுண்டினேன். 'டொக்.' வெண்கலம் இப்படியா பேசும்? ரெசின் பொம்மைதான், மேலே களிம்பு ஏறிய மாதிரி பச்சைப் பெயிண்ட். மூன்று நாளாகியும் வாடை போகவில்லை.

அசலைத் தெரிந்தவர்களுக்குத்தான் என் வயிற்றெரிச்சல் புரியும். 1976-ல் சீனாவின் அன்யாங்கில் ஃபூ ஹாவ் என்ற அரசியின் கல்லறையில் கிடைத்த ஜோடி மதுக்கலங்களில் ஒன்றின் நகல் இது. அவள் ஷாங் வம்சத்து மன்னன் வூ திங்கின் மனைவி, படை நடத்திப் போனவள். சுமார் 3,200 வருடப் பழசு. உயரம் ஏறக்குறைய 46 சென்டிமீட்டர். மெழுகுக் கரு கிடையாது. களிமண் அச்சைத் துண்டு துண்டாகச் சேர்த்து ஊற்றிய வார்ப்பு. இறக்கையில் சுருண்ட பாம்பு, தலையின் பின்பக்கம் மூடி, அந்த மூடி மேல் ஒரு குட்டிப் பறவை. எனக்குப் பிடித்தது வால். இரண்டு காலோடு அதையும் தரையில் ஊன்றி முக்காலியாக நிறுத்தியிருக்கிறான். எந்தத் தரையிலும் ஆடாது.

நகலில் அந்த வால்தான் அரை விரல் குட்டை. ஆந்தை பின்னால் சாய்ந்து, மழை வருமா என்று அண்ணாந்து பார்க்கிற மாதிரி நிற்கிறது. மூடி திறக்காது, சும்மா கோடு போட்டிருக்கிறார்கள். முகம் மட்டும் நன்றாக வந்திருக்கிறது. அந்த முழிக்கு ஒரு ஸ்டார் கொடுக்கலாம். பேக்கிங்குக்கு இன்னொன்று.

அம்மா பார்த்துவிட்டு, "ஏங் கண்ணு, காசு குடுத்துக் கோட்டானை வாங்கியாந்திருக்கறயே!" என்றார். ஷாங் குலமே ஒரு கரும்பறவையிலிருந்து வந்ததாகச் சீனப் பழம்பாடல் சொல்கிறது, பறவை என்றால் அவர்களுக்கு அவ்வளவு மரியாதை என்றேன். அடுத்து வந்த சௌ காலத்துப் பாட்டிலோ ஆந்தை குஞ்சைத் தூக்கிப்போகிற கள்ளப் பறவை. அப்புறம் அங்கேயும் அது அபசகுனம்தான். "கடைசியில உங்க கட்சிதாம்மா ஜெயிச்சுது" என்று ஒப்புக்கொண்டேன்.

திருப்பி அனுப்பினால் கூரியர் செலவு நம் தலையிலாம். பித்தளைத் தகட்டில் அரை விரல் வெட்டி வாலுக்கு அடியில் ஒட்டிவிட்டேன். இப்போது பட்டறை மேஜையில் பில் புத்தகத்துக்குப் பக்கத்தில் நேராக நிற்கிறது. வீட்டுக்குள் விட அம்மா சம்மதிக்கவில்லை.