படகில் ரீங்காரம் நிறுத்திய சேவை: ஃபோம் வாங்கும் முன் அளவெடுக்கச் சொல்லுங்கள்

நான் 38 மீட்டர் சொகுசு மோட்டார் படகு ஒன்றில் சீஃப் இன்ஜினியர். குளிர்காலம் முழுக்கப் படகு ஸ்பெயினின் பால்மா தெ மல்லோர்கா துறைமுகத்தில்தான் கட்டிக் கிடக்கும். இரண்டு வருடமாக ஒரே தலைவலி. நங்கூரம் போட்ட ராத்திரிகளில் ஜெனரேட்டர் ஓடினால் ஓனர் கேபினில் ஒரு ரீங்காரம். நின்றுகொண்டு கேட்டால் பெரிதாகத் தெரியாது, தலையணையில் காதை வைத்தால் மண்டைக்குள் இறங்கும். கட்டிலருகே வைத்த தண்ணீர் டம்ளரில் வட்ட வட்டமாக அலை எழுவதை நானே குனிந்து பார்த்திருக்கிறேன்.

போன குளிர்காலத்தில் படகு பழுதுபார்க்கும் ஒரு யார்டில் இன்ஜின் ரூம் சுவர் பூராவும் தடித்த ஃபோம் ஒட்டிப் பெரிய பில் கொடுத்தார்கள். ஃபேன் இரைச்சல் குறைந்தது, ரீங்காரம் அப்படியே இருந்தது. ஃபோம் காற்றில் வரும் கீச்சுச் சத்தத்தைத்தான் உறிஞ்சும். எங்கள் ஜெனரேட்டர் நான்கு சிலிண்டர், 1500 ஆர்பிஎம். ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு என்றால் விநாடிக்கு 50 அதிர்வு. அது படகின் உலோகத்தைப் பிடித்துக்கொண்டு நடந்து வருகிறது, சுவரில் என்ன ஒட்டினாலும் அதற்குக் கவலையில்லை.

இந்த முறை அதிர்வு அளக்கும் ஒரு சிறிய குழுவைக் கூப்பிட்டோம், இரண்டே பேர். வந்ததும் எதையும் விற்கப் பார்க்கவில்லை, அதுவே எனக்குப் பிடித்தது. ஒவ்வொரு ஜெனரேட்டராகத் தனியே ஓட்டி, அது உட்கார்ந்திருக்கும் ரப்பர் மவுண்டுக்கு மேலே ஒரு சென்சார், கீழே ஒரு சென்சார், கேபின் தரையில் ஒன்று என்று ஒட்டி அரைநாள் உட்கார்ந்தார்கள். நான்கு மவுண்டில் ஒன்று டீசல் ஊறி உப்பி, ரப்பர் ஓரத்தில் வெடித்துப்போயிருந்தது. ஆனால் முக்கியக் குற்றவாளி அது இல்லை, ஜெனரேட்டரிலிருந்து கடல்நீர் வெளியேறும் குழாய். அதன் கிளாம்ப் ஒன்று ஓனர் கேபினுக்கு நேர் கீழே உள்ள படகின் உலோகச் சட்டத்தில் (ஃபிரேம்) இறுக்கி முடுக்கப்பட்டிருந்தது. மவுண்ட் எவ்வளவு மென்மையாக இருந்தும் என்ன, அதிர்வு அந்தக் குழாய் வழியே சுற்றிப் போய்விடுகிறது. வந்த இருவரில் ஒருவர் ஸ்பேனரால் கிளாம்பைத் தளர்த்தினார், மேலே கேபினில் இருந்த எங்கள் பையன் வாக்கி டாக்கியில் "சீஃப், நின்னுபோச்சு" என்றான். அந்த நிமிடத்தை மறக்க மாட்டேன்.

அப்புறம் நான்கு மவுண்டையும் மொத்தமாக மாற்றினார்கள் (ஒன்றை மட்டும் மாற்றினால் சுமை சமமாக உட்காராது), எண்ணெய் சொட்டாமல் மேலே மூடி வைத்தார்கள், குழாயில் ஒரு துண்டு ரப்பர் ஹோஸ் சேர்த்து, கிளாம்புக்கு உள்ளே ரப்பர் வைத்துக் கட்டினார்கள். கேபினில் 51 டெசிபல் இருந்தது 43 ஆனது. ஒப்பிட்டுப் பார்க்க: 2014 ஜூலையில் அமலுக்கு வந்த ஐஎம்ஓ (சர்வதேச கடல்சார் அமைப்பு) இரைச்சல் விதி, 1600 டன்னேஜிலிருந்து 10,000-க்குள் இருக்கும் கப்பல்களின் கேபினுக்கு 60 வரை அனுமதிக்கிறது. எங்கள் படகு அந்த அளவுக்குப் பெரிதில்லை, ஆனால் இவ்வளவு செலவழித்துத் தூங்க வருபவர்களுக்கு அந்த 60 போதவே போதாது.

குறையும் உண்டு. ரிப்போர்ட் மூன்று வாரம் தாமதம், கேட்டுக் கேட்டுத்தான் வாங்கினேன். படகு ஓடும்போது அளக்கவில்லை, புரொப்பெல்லரால் பின்பக்க சலூனில் (உட்காரும் கூடம்) வரும் நடுக்கம் அப்படியே இருக்கிறது. அதற்குக் கடலில் தனி சோதனை வேண்டும், தனிக் கட்டணம். முதலிலேயே கேட்டு ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.

ஜெனரேட்டர் அடங்கிவிட்டதால் இப்போது கேபினில் பக்கத்து பேன்ட்ரி ஃப்ரிட்ஜின் கம்ப்ரஸர் கேட்கிறது. முன்னாடியும் இருந்திருக்கும், ரீங்காரம் அதை மூடி வைத்திருந்தது. அதற்கு அடியில் வைக்க ரப்பர் பாதம் நான்கு வாங்கி வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை மாட்டணும்.