7.10 வண்டி: ஒரே கம்பெனி பஸ்ல 13 வருஷம்

கிணத்துக்கடவுல ஏறி குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டைல இறங்கறது, சாயங்காலம் அதே மாதிரி திரும்பி வர்றது, 2012ல வேலைக்கு சேர்ந்ததுல இருந்து இதுதான் நம்ம பொழப்பு. பொள்ளாச்சி கோவை ரூட்ல பஸ்ஸுக்கு பஞ்சமே இல்லைங்க, கவர்மென்ட் வண்டி, தனியார் வண்டின்னு ஒண்ணு போனா பின்னாடியே ஒண்ணு வரும், ஆனாலும் நான் பெரும்பாலும் ஒரே கம்பெனி வண்டிலதான் போறேன். பேர் வேண்டாம், குறையும் சொல்லப் போறேன், நாளைக்கு காலைல அதே கண்டக்டர் மூஞ்சில முழிக்கணும்ல.

நான் ஏற ஆரம்பிச்சப்ப அவங்ககிட்ட மொத்தமே ரெண்டு வண்டி. ரெண்டும் லேலண்ட் சேஸ் (இன்ஜினோட வர்ற அடிச்சட்டம்), கரூர்ல பாடி கட்டினது. முதலாளி தினமும் காலைல பொள்ளாச்சி ஸ்டாண்ட்ல நின்னு அவரே டைம் பார்த்து வண்டிய எடுக்க சொல்வாராம். இப்ப லைன்ல நாலு, டவுன் பஸ் ஒண்ணு, ஸ்பேர் ஒண்ணுன்னு ஆறு வண்டி ஆயிருச்சு. இத்தனை வருஷத்துல நாலு வண்டிதான் ஏத்துனாங்களான்னு என் மச்சான் கேட்டான், அவன் லாரி வச்சிருக்கறவன், அவனுக்கு இது புரியாது. லாரின்னா காசு இருந்தா வாங்கி ஓட்டலாம். ரூட் பஸ் அப்படி இல்ல, நம்ம ஸ்டேட்ல 1972லயே பஸ்ஸை அரசுடைமை ஆக்கி இந்தப் பக்கம் சேரன் கார்ப்பரேஷன் வந்துருச்சு, அதுக்கப்புறம் புது ரூட் பர்மிட் வாங்கறது லேசுப்பட்ட காரியமில்ல, இருக்கற தனியார் பர்மிட்தான் கை மாறிட்டே இருக்கு. அதனால ஒருத்தர் வளரணும்னா இன்னொருத்தர் விக்கணும். இவங்களுக்கு மூணாவது வண்டி கிடைச்சதே வேற ஒரு கம்பெனில அண்ணன் தம்பி பாகம் பிரிச்சப்பதான். வண்டி ஓட்டை வண்டி, ஆனா கூடவே காலைல ஆபீஸ் நேரத்துல ஒரு சிங்கிள், அதாவது ஒரு பக்க ட்ரிப், வந்துச்சு. விலை குடுத்தது அந்த டைமிங்குக்குதான், தகரத்துக்கு இல்ல.

அந்த பழைய வண்டிங்கள பத்தி சொல்லணும்னா, இன்ஜின் முன்னாடி, டிரைவர் பக்கத்துல பானெட். கூட்டம்னா அது மேலயே உக்காந்துக்கலாம், மார்கழில சொகமா இருக்கும், சித்திரைல இட்லி மாதிரி வெந்துருவோம். லீஃப் ஸ்ப்ரிங் தூக்கிப் போடற போடுல கடைசி சீட்ல உக்காந்தா டிபன் பாக்ஸ் சாம்பார் பைக்குள்ள. ஆனா இழுவை, அடேங்கப்பா, நூறு பேர் தொங்கினாலும் முக்காம எடுக்கும்.

2017 கடைசில பிஎஸ்4 வண்டி ஒண்ணு, கொரோனா முடிஞ்சு பிஎஸ்6 ஒண்ணு வந்துச்சு (பிஎஸ்ங்கறது புகை கட்டுப்பாட்டு விதி, நம்பர் கூடக்கூட கெடுபிடி ஜாஸ்தி). பிஎஸ்6ல பின்னாடி ஏர் சஸ்பென்ஷன், கதவும் ஏர் கதவு, உள்ள சத்தம் கம்மி, போன்ல பேசலாம் (பாட்டு போடாம இருந்தா). சீட்டுதான் சின்னது, மூணு பேர் சீட்ல மூணாவது ஆள் பாதி காத்துல உக்காரணும். இன்னொண்ணு, டீசல் மட்டும் போதாது, புகைய சுத்தம் பண்ண ஆட்ப்ளூன்னு ஒரு தண்ணி தனியா ஊத்தணும், அந்த சைடுல ஏதாவது சென்சார் கோளாறுன்னா வண்டி தானாவே பவர குறைச்சுக்கும். ஒரு நாள் ஈச்சனாரி பிள்ளையார் கோயில் தாண்டறதுக்குள்ள மாட்டு வண்டி ஸ்பீடுக்கு வந்துருச்சு. பழைய வண்டின்னா டிரைவர் அண்ணன் ஒரு ஸ்பேனரும் கம்பித் துண்டும் வச்சு ஏதாச்சும் பண்ணி ஓட்டிருவாரு, இதுக்கு லேப்டாப்போட ஆள் வரணும். "பிள்ளையார கும்பிட்டுட்டு பின்னாடி வண்டில ஏறிக்கங்க சாமி"ன்னு சொல்லிட்டாரு.

ஆனா எனக்கு ஏர் கதவு, சஸ்பென்ஷன் எல்லாம் ரெண்டாம்பட்சம். இவங்க உண்மைல வளர்ந்தது ஸ்பேர் வண்டி வச்ச அன்னைக்குதான். முன்ன எல்லாம் எஃப்சி (வண்டி ஓட்ட தகுதியா இருக்குன்னு ஆர்டிஓ ஆபீஸ்ல வாங்கற சர்டிபிகேட்) வந்தா, தட்டி பெயின்ட் அடிச்சு காட்டிட்டு வர்றதுக்குள்ள ஒரு வாரம் பத்து நாள் காலைல நான் ஏறற 7.10 சிங்கிளே இருக்காது, யாரும் சொல்லவும் மாட்டாங்க, நாம பாட்டுக்கு ஸ்டாப்ல நிப்போம். அடுத்த வண்டி பொள்ளாச்சிலயே ரொம்பி வரும். எனக்கு கம்பெனில கால் மணி நேரம் லேட்டுன்னா அரை நாள் சம்பளம் கட். அப்புறம் அந்த மொதல் ரெண்டு வண்டில ஒண்ண லைன்ல இருந்து எடுத்து ஸ்பேரா நிறுத்தினாங்க, அதுல இருந்து 7.10 வராத நாள்னா விரல் விட்டு எண்ணிரலாம். வெறுமனே நிக்கற வண்டிக்கும் இன்சூரன்ஸ், டாக்ஸ் கட்டணும்ங்க, சின்ன கம்பெனிக்கு அது பெரிய மனசு.

அவங்க கஷ்டமும் தெரியுது. 2018 ஜனவரில டிக்கெட் ஏத்தி, ஜனங்க கொதிச்சதும் கொஞ்சம் குறைச்சு, சாதா மஃப்சல் (வெளியூர் போற) வண்டிக்கு கிலோமீட்டருக்கு 58 பைசான்னு நின்னுச்சு. அப்ப டீசல் 70 ரூபாய்க்குள்ள, அப்புறம் 90ஐ தாண்டிருச்சு, டிக்கெட் மட்டும் அங்கயே. 2021 மே மாசம் கவர்மென்ட் டவுன் பஸ்ல லேடீஸுக்கு ஃப்ரீ ஆனதும் இவங்க டவுன் பஸ் காத்து வாங்க ஆரம்பிச்சுது. எங்க அத்தையே "காசு குடுத்து ஏறறதுக்கு நானென்ன கிறுக்கியா"ன்னு ஃப்ரீயா போற வெள்ளை போர்டு கவர்மென்ட் பஸ்ஸுக்கு காத்துக்கிட்டு நிக்கும். ரெண்டு டவுன் பஸ் இருந்ததுல ஒண்ண வித்துட்டாங்க.

குறைன்னு சொன்னா, கலெக்‌ஷன் பேட்டாக்காக (வசூலுக்கு ஏத்த மாதிரி கிடைக்கற படி) மலுமிச்சம்பட்டில இருந்து முன்னாடி வண்டிய தொரத்தறது இன்னும் நிக்கல, புது டிரைவர் பசங்கதான் மோசம். உக்கடம் பாலம் வேலை நடந்த வருஷமெல்லாம் சாயங்கால டைமிங் சுத்தமா கெட்டுப் போச்சு, அது இவங்க தப்பில்ல, 2024 ஆகஸ்ட்ல பாலம் திறந்ததும் பரவால்ல. அதைவிட கடுப்பு எங்க ஊர் பாலம். கட்டினதுல இருந்து பாதி வண்டி ஊருக்குள்ள வராம மேலயே போயிருது, கேட்டா பாயிண்ட் டு பாயிண்ட், நடுவுல நிக்காதுன்றாங்க, ஏறும்போது சொல்றதில்ல. ஒருதடவை கைல ஒரு பை தக்காளியோட பாலம் முடியற எடத்துல இறக்கி விட்டாங்க, இருட்டுல திரும்பி நடந்தேன்.

இவங்க 7.10உம் சாயங்காலம் 6.25உம் கண்டிப்பா கீழ வரும். 8.05 மேல போயிரும். புதுசா ஏறறவங்க கண்டக்டர்கிட்ட "கிணத்துக்கடவு உள்ள போகுங்களா"ன்னு கேட்டுட்டு ஏறுங்க.